நெடுந்தூரச் சைக்கிள் பயணமும் எளிய சிற்றுண்டியும்
(நுரைச்சோலை இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோர் வழியில் உண்பதற்கேற்ற எளிய பண்டங்கள் யாவை என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இஃது ஒரு சிறு விஷயந்தானே என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நமது கரையோரப் பகுதியில் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று. மீன் பெட்டியைப் பின்னே கட்டிக்கொண்டு விடியுமுன் புறப்படும் வியாபாரிக்கும், மிளகாய்த் தோட்டத்திற்கும் வெங்காயத் தோட்டத்திற்கும் வேலைக்குச் செல்வோருக்கும், பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அது வாகனமாக இருந்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, மோட்டார் வண்டி வைத்திருந்தவர்களும் சைக்கிளைத் தேடிப் போனார்கள். இவர்களுள் பலர் ஒரு கோப்பை வெறுந் தேநீரோடு வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள். வெறும் வயிற்றோடு மிதிப்பவனுக்குத் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, கண் மங்குகிறது. பாரவண்டிகள் விரையும் பெருந்தெருவிலே ஒரு கணத் தடுமாற்றம் ஓர் உயிரையே விலையாகக் கேட்டுவிடலாம். ஆதலால் இதைச் சிறு விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து பாலாவிச் சந்திக்குப் போய், அங்கிருந்து கொழும்பு வீதியில் தெற்கே திரும்பிச் சிலாபத்தை அடைந்து, முன்னேஸ்வரம் செல்வதானால் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்தால் நான்கு மணி நேரம். வைகாசி முதல் புரட்டாதி வரையுள்ள மாதங்களில் தென்மேல் காற்று நம் கற்பிட்டிக் கரையில் எவ்வளவு பலமாக வீசும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெற்கு நோக்கிச் செல்பவனுக்கு அக்காற்று எதிர்க்காற்று. நான்கு மணி ஐந்தாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இவ்வாறு மிதிக்கையில் மணிக்கு 350 முதல் 400 கலோரி வரை செலவாகும் என்று கொள்ளலாம். எதிர்க்காற்றில் இன்னும் கூடும்.

இச்செலவுக்கு வரவு எங்கிருந்து கிடைக்கிறது? நுரைச்சோலை என்றதும் நாடு முழுவதும் இன்று அனல்மின் நிலையத்தையே நினைக்கிறது. 2011இல் அதன் முதற்பொறி இயங்கத் தொடங்கியது. இப்போது மூன்று பொறிகளும் சேர்ந்து 900 மெகாவாற் திறனுடையவை. தென்மேல் பருவத்தில் கடல் கொந்தளிப்பதால் நிலக்கரிக் கப்பல்களிலிருந்து சரக்கிறக்க இயலாது. எனவே கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலேயே கரியைக் குவித்து வைத்துக்கொள்கிறார்கள். நமது உடம்பும் அப்படித்தான். உண்ட சோற்றிலுள்ள மாச்சத்தை அது கிளைக்கோசன் என்னும் பொருளாக்கித் தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கிறது. ஆனால் இந்தச் சேமிப்பு மிகச் சிறியது: தசைகளில் சுமார் 400 கிராம், ஈரலில் சுமார் 100 கிராம். கொழுப்போ உடம்பில் ஏராளமாக இருக்கிறது. எனினும் அது மெல்ல எரிவது. வேகமாக மிதிப்பதற்குக் கிளைக்கோசனே வேண்டும்.

1967இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதனைத் தெளிவாகக் காட்டினார்கள். நிலையாக நிறுத்திய சைக்கிளைச் சிலரைக் களைத்து விழும்வரை மிதிக்கச் செய்தார்கள். சாதாரண உணவு உண்டபின் சராசரியாகச் சுமார் 114 நிமிடம் மிதித்தவர்கள், மாச்சத்தைக் குறைத்து இறைச்சியும் கொழுப்பும் மிகுதியாக உண்டபின் 57 நிமிடமே மிதித்தார்கள். மாச்சத்து மிகுந்த உணவுக்குப் பின்னோ 167 நிமிடம் மிதித்தார்கள். ஆட்களும் சைக்கிளும் மாறவில்லை, மாறியது உணவே. அதற்கும் முன்னர், 1924இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நெடுந்தூர ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்த வைத்தியர்கள், களைத்து வந்தவர்களிடம் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கக் கண்டார்கள். மறு ஆண்டு ஓட்டத்தின்போதே அவர்களுக்கு இனிப்பு கொடுத்தார்கள். அந்த நிலை தவிர்க்கப்பட்டது.

ஆகவே முதல் விதி இது: முதல் நாள் இரவு வயிறார உண்ணுங்கள், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இடியப்பமோ பிட்டோ பாணோ கொஞ்சம் உண்ணுங்கள். ஒரு மணி நேரத்திற்குள் முடியும் பயணத்திற்கு வழியில் எதுவும் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டால், மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து உடம்பிற் சேரவேண்டும். பசிக்கும் வரை காத்திருக்காமல் முதல் அரை மணி அல்லது முக்கால் மணியிலேயே தொடங்கி, பின்னர் அரை மணிக்கொரு முறை சிறிது சிறிதாக உண்பதே முறை.

இனி, எதை எடுத்துச் செல்வது? வெயிலில் உருகாததும் புளிக்காததும், உதிராததும், ஒரு கையால் எடுக்கக்கூடியதும், எளிதில் சீரணிப்பதும் எதுவோ அதுவே நல்ல வழித்துணை.

இந்தச் சோதனையில் முதலிடம் பெறுவது வாழைப்பழம். ஒரு நடுத்தரப் பழத்தில் 23 முதல் 27 கிராம் வரை மாச்சத்து உண்டு. இயற்கையே உறையும் போட்டுத் தந்திருக்கிறது. நன்கு பழுத்ததே வயிற்றுக்கு இதம். நசுங்காமல் இருக்க மேற்பையில் வையுங்கள். அடுத்தது பேரீச்சம்பழம்: நூறு கிராமில் முக்காற் பங்கு மாச்சத்து, நாட்கணக்கில் கெடாது, கொட்டையை வீட்டிலேயே நீக்கிவிடுங்கள். மூன்றாவது நம் பனங்கட்டி. சிறு துண்டுகளாக உடைத்துக் கடதாசியில் சுற்றி வைத்தால், களைப்புத் தலைகாட்டும் நேரத்தில் விரைந்து உதவும்.

சோறும் வழியுணவாகும் என்றால் வியப்பீர்கள். 1903 முதல் பிரான்சு நாட்டில் நடைபெற்றுவரும் மாபெரும் சைக்கிள் பந்தயத்தின் வீரர்கள் இன்று சோற்றுக் கட்டிகளைப் பையில் வைத்து உண்கிறார்கள். அலன் லிம் என்ற விளையாட்டு விஞ்ஞானியும் கேரள வழிவந்த சமையற்காரர் பிஜூ தோமஸும் 2011இல் இவ்வுணவுகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள். நம் தாய்மார் செய்யும் கொழுக்கட்டைக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை! குழைய வேகவைத்த சோற்றில் உப்பும் சிறிது பனங்கட்டியும் சேர்த்து, இறுகப் பிடித்து, வாழையிலையில் சுற்றிக்கொள்ளுங்கள். தேங்காயோ தேங்காய்ப்பாலோ சேர்த்தால் வெயிலில் விரைவில் கெடும். சேர்க்காவிடினும் காலையில் செய்ததை இரண்டொரு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும். சமையலுக்கு நேரமில்லாதவர் இரண்டு துண்டு பாணில் ஜாம் பூசிக்கொண்டால் 40 கிராமளவு மாச்சத்து கிடைத்துவிடும்.

கச்சானும் எள்ளுருண்டையும் பலருக்கு விருப்பமானவை. அவை நல்ல உணவே. ஆயினும் கச்சானிலும் எள்ளிலும் ஏறக்குறைய பாதி கொழுப்பு, சீரணிக்க நேரமெடுக்கும். மெதுவான பயணத்தில் நிழலில் இளைப்பாறும்போது கொஞ்சம் உண்ணலாம். மூச்சு வாங்க மிதிக்கும்போது கச்சானை வாயிலிட்டால் புரைக்கேறும். புழுக்கொடியலும் ஆறியிருந்து மெல்ல வேண்டியதே. வடை, முறுக்கு முதலியவற்றில் எண்ணெய் அதிகம், தாகத்தையும் வளர்க்கும். அவற்றைப் பயணம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவைப் போலவே நீரும் முக்கியம். கால் மணி, இருபது நிமிடத்திற்கொரு முறை சில மிடறு பருகுங்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. நல்ல வேளையாகப் புத்தளத்தில் வாழும் நமக்கு உப்புக்குப் பஞ்சமில்லை! ஒரு லீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் எலுமிச்சம்பழச் சாறு. இதைவிட மலிவான பானம் வேறில்லை. செவ்விளநீரும் சிறந்ததே, ஆனால் அதில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு, ஆகையால் சிறிது உப்பான பண்டத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெறுந் தண்ணீரைக் குடங்குடமாகக் குடிப்பதும் இரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தை விளைக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

சில எச்சரிக்கைகளைச் சொல்லி முடிக்கிறேன். பந்தயக்காரர் ஓடிக்கொண்டே உண்கிறார்கள் என்பதற்காக நீங்களும் அப்படிச் செய்ய வேண்டாம். அவர்களுக்கு வீதி மூடப்பட்டிருக்கிறது. நமக்கோ லொறியும் பஸ்ஸும் உரசிச் செல்கின்றன. இடப்புறமாக ஒதுங்கி, காலூன்றி நின்று உண்ணுங்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் எந்தத் திருவிழாவும் ஓடிவிடாது. வாழைத்தோலையும் பொலித்தீனையும் வீதியில் எறியாதீர்கள். புதிய பண்டம் எதையும் முதன்முதலாக நெடும்பயணத்தன்று சோதித்துப் பார்க்காதீர்கள். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்பே நெடுந்தூரம் செல்லுங்கள். சட்டைப்பையில் எப்போதும் சீனியோ குளுக்கோசோ இருக்கட்டும். விரதமிருப்பவர்கள், உடப்புத் தீமிதிப்புக்குச் செல்வதானாலும் சரி, அன்று பஸ்ஸில் செல்வது நல்லது. விரதம் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்கு; வீதியில் மயங்கி விழுவதற்கன்று.

இளைஞர்களே! கூட்டமாகப் புறப்படும்போது ஒவ்வொருவரும் இரண்டு வாழைப்பழம் மேலதிகமாக வைத்திருங்கள். ஒன்று உங்களுக்கு; மற்றொன்று பின்தங்கி வரும் தோழனுக்கு. விடியற்காலையில் வெறுந் தேநீரோடு மீன் பெட்டி சுமந்து மிதித்துப் போகும் உங்கள் தந்தையின் பையிலும், அண்ணனின் பையிலும், நாளை முதல் இரண்டு பழத்தையும் ஒரு துண்டு பனங்கட்டியையும் வைத்து அனுப்புங்கள். அதைச் செய்வீர்களானால், இவ்வளவு நேரம் நான் பேசியது வீணாகாது.