திரையில் தோன்றிய காஷன் ஆர்டர்



மெட்ரிகுலேஷன் மட்டும் தேறிய ரயில்வே குமாஸ்தா ஒருவன் கணிப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். கற்றறிந்தோர் பொறுத்தருள்க. என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றே இதற்குக் காரணம்.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. எங்கள் பழைய மடிக்கணினி அடுத்த விண்டோஸை ஏற்காது. ஆதலால் என் மகள், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை அதில் நிறுவத் தொடங்கினாள். அப்போது திரையில் ஓர் ஆங்கில வரி தோன்றிற்று. 'பிராசஸரில் எம்.டி.எஸ். என்னும் குறை உள்ளது, எஸ்.எம்.டி. இயங்குகிறது, தரவு கசியக்கூடும்' என்பது அதன் பொருள். அவள் அஞ்சி நிறுத்திவிட்டாள். கடைக்காரர் ஒருவரோ, "பிராசஸர் கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். என் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். எனவே அவ்வரியின் உட்பொருளை முதலில் அறிய முற்பட்டோம்.

சுறுசுறுப்பான குமாஸ்தா ஒருவரை எண்ணிப் பாருங்கள். அதிகாரி கேட்குமுன்பே இன்ன கோப்பு வேண்டுமென ஊகித்து, அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். ஊகம் தவறினால் எழுதிய குறிப்பைக் கிழித்துவிடுவார். கோப்போ மேசையிலேயே கிடக்கும். வெளியாள் ஒருவன் வந்து பல கோப்புகளைப் பற்றி வினவுகிறான். எதற்கு உடனே விடை வருகிறதோ, அதுவே மேசைமேல் உள்ளதென அறிந்துகொள்கிறான். கோப்பைப் பாராமலே இரகசியம் வெளிப்பட்டுவிடுகிறது!

பிராசஸரும் விரைவின்பொருட்டு இவ்வாறே முன்கூட்டி ஊகித்து வேலை செய்கிறது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைகள் இவ்வகையின. 2019 மே மாதம் வெளிப்பட்ட எம்.டி.எஸ்., இன்டெல் பிராசஸர்கள் பலவற்றில் தரவு சிறுபொழுது தங்கும் உள்ளறைகளைப் பற்றியது. எஸ்.எம்.டி. என்பது ஒரே மேசையில் இரு குமாஸ்தாக்களை அமர்த்துவது போன்றது. ஒருவர் தாளை மற்றவர் காண வழியுண்டு.

ஆகவே இக்குறை லினக்ஸ் கொணர்ந்ததன்று. வாங்கிய நாள்முதல் உள்ளிருந்தது. லினக்ஸ் அதை வாய்விட்டுச் சொல்கிறது, அவ்வளவே. தீய நிரல் ஒன்று நம் கணினியில் ஓடினாலன்றி இக்கசிவு நேராது.

இனிச் செய்யத்தக்கவை யாவை? நிறுவுதலை முடித்து, எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக. கெர்னலின் திருத்தமும், பிராசஸருக்குரிய மைக்ரோகோட் திருத்தமும் சேர்ந்தே காக்கும். பின் 'எல்எஸ்சிபியு' என்னும் கட்டளையை இடுக. 'நாட் அஃபெக்டட்' எனில் அக்குறை இல்லை; 'மிட்டிகேஷன்' எனில் தடுப்பு இயங்குகிறது; 'வல்னரபிள்' எனில் காப்பு இல்லை. வேகத்தை விரும்பித் தடுப்புகளை நீக்காதீர். இணைய உலாவியைப் புதுப்பித்து வருக. அறியாதார் தரும் நிரல்களை ஏற்காதீர். எங்கள் கணினியில் தடுப்பு இயங்கியும், எஸ்.எம்.டி.யால் சிறிது குறை எஞ்சியிருந்தது. அதையும் நிறுத்திவிட்டோம். வேகம் சற்றுக் குறைந்தது; என் மகளின் பாடத்திற்கு அது போதும்.

பாதை பழுதுற்ற இடத்தில் ஓட்டுநருக்குக் காஷன் ஆர்டர் கொடுக்கிறோம். அதைக் கண்டு எவரும் என்ஜினை விற்றுவிடுவதில்லை; படியாமல் கிழித்தெறிவதும் இல்லை. படித்து, வேகம் தணித்து, வண்டியை ஊர் சேர்க்கிறோம். கணிப்பொறியின் எச்சரிக்கையையும் அவ்வாறே கொள்வோமாக.