வண்டியோட்டிக்கு ஒரு வழித்துணை



திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையை அடுத்த பழவங்காடியில் கணபதி கோயில் ஒன்று உண்டு. நெடும்பயணம் புறப்படுமுன் அங்கே தேங்காய் உடைத்துச் செல்லும் வழக்கம் தமிழர் பலரிடமும் உண்டு. அருகிலுள்ள சாலை பஜாரில் வணிகம் புரியும் குடும்பங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாகர்கோயில், திருநெல்வேலி என்று சொந்த ஊர் நோக்கிப் புறப்படும் இடமும் அதுவே. முன்னாளில் வழி தெரியாவிடில் வண்டியை நிறுத்தித் தேநீர்க் கடையில் வினவுவோம். இன்று தேங்காய் உடைத்த கையோடு செல்பேசியை எடுத்து ஊர்ப்பெயரைச் சொல்லுகிறோம். பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்களும் இவ்வாறே செய்கின்றனர். ஆகவே, வழிகாட்டும் செயலிகளுள் எதனை, எவ்வளவு நம்பலாம் என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிக்கொள்வோம். நாம் நிற்கும் இடத்தைக் கண்டறிவது செயலி அன்று. செல்பேசியினுள் இருக்கும் சிறு கருவியே. அமெரிக்கர் அமைத்த ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தை வானொலி அலைகளால் இடையறாது அறிவிக்கிறது. அவ்வலை வந்து சேரும் காலத்தைக் கொண்டு, குறைந்தது நான்கு துணைக்கோள்களின் தொலைவைக் கணக்கிட்டு, கருவி நம் இடத்தை அறிகிறது. இதற்கு இணையத் தொடர்பு இன்றியமையாததன்று. 2013-ஆம் ஆண்டு முதல் நம் நாடு ஏவிய நாவிக் துணைக்கோள்களின் அலைகளையும் சில செல்பேசிகள் ஏற்கின்றன. எனவே, ஒரே செல்பேசியில் எச்செயலியைத் திறந்தாலும் இடம் ஒன்றே. செயலிக்குச் செயலி வேறுபடுவன இரண்டு: அதனிடம் உள்ள நிலப்படம், சாலையின் அன்றைய நிலை பற்றி அதற்குக் கிட்டும் செய்தி.

கூகுள் மேப்ஸ், தன்னைப் பயன்படுத்துவோரின் செல்பேசிகள் எவ்வளவு விரைவில் நகருகின்றன என்பதைக் கொண்டு நெரிசலைக் கணிக்கிறது. ஆதலால் மக்கள் மிகுந்த நகரங்களில் அதன் கணிப்புப் பெரும்பாலும் பொருந்துகிறது. தமிழிலும் அது வழி சொல்லும். வேஸ் என்பது ஓட்டுவோர் ஒருவருக்கொருவர் தரும் செய்திகளையே பெரிதும் சார்ந்தது. பலர் பயன்படுத்தும் ஊரிலேதான் அதன் பயன் மிகும். 1995-இல் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா என்னும் இந்திய நிறுவனத்தின் செயலி மேப்பிள்ஸ். ஆறே எழுத்துகள் கொண்ட குறியீட்டால் ஒரு வீட்டைச் சுட்டும் ஏற்பாடு அதில் உண்டு. நீண்ட முகவரியை விளக்கத் தடுமாறுவோருக்கு அஃது உதவும். ஆர்கானிக் மேப்ஸ், தன்னார்வலர் கூடி வரைந்த நிலப்படத்தைக் கொண்டது. அப்படத்தை முன்னரே இறக்கிக்கொண்டால் இணையம் இன்றியே வழி காட்டும். நெரிசலை மட்டும் சொல்லாது. ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குச் செல்வோர், மலைக்காட்டில் தொடர்பு அறும்போது இதன் அருமையை உணர்வர்.

இவையனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மாசி மாதத்தில் ஆற்றுகால் பொங்கல் நாளன்று பழவங்காடி உட்படக் கோட்டையைச் சூழ்ந்த தெருக்களெல்லாம் செங்கல் அடுப்புகளால் நிறைந்துவிடும். நிலப்படத்திலோ தெரு என்றும்போல் தெருவாகவே இருக்கும். அன்று வழி அடைபட்டது என்பதை யாரேனும் தெரிவித்தாலன்றிச் செயலி அறியாது.

பொங்கல் நாளில் இக்குறையால் சிறிது நேரமே வீணாகும். மழை இரவில் உயிருக்கே கேடு வரலாம். 2023 அக்டோபரில், எறணாகுளம் மாவட்டம் கோதுருத்தில், நள்ளிரவு கழிந்த வேளையில் கார் ஒன்று ஆற்றில் பாய்ந்தது. இளம் மருத்துவர் இருவர் மாண்டனர். செயலி காட்டிய வழியே சென்றதாகச் செய்திகள் வெளிவந்தன. 2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே, முற்றுப்பெறாது நின்ற பாலத்திலிருந்து கார் வீழ்ந்து மூவர் இறந்தனர். அங்கும் செயலியைப் பற்றியே பேச்சு எழுந்தது. ஆற்றங்கரையும் அறுந்த பாலமும் நிலப்படத்தில் சாலையின் தொடர்ச்சிபோல் தோன்றக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதலின் சில வழக்கங்களை மேற்கொள்வோம். நன்கு அறிந்த ஒரு வழியில் இரண்டு செயலிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, நம் ஊருக்குப் பொருந்துவது எது என்று தெளிவோம். நிலப்படத்தைப் புறப்படுமுன் இறக்கிக்கொள்வோம். செயலியில் காருக்கும் இருசக்கர வண்டிக்கும் வெவ்வேறு வழிகள் உண்டு. காரில் செல்கையில் இருசக்கர வழியைத் தெரிவு செய்துவிட்டால் சாலை பஜாரின் சந்துகளில் சிக்கிக்கொள்ள நேரும். மார்த்தாண்டம் போன்ற இடங்களில் மேம்பாலத்தில் ஏறுவதா, கீழே செல்வதா என்பதைப் பெயர்ப்பலகை பார்த்தே முடிவு செய்வோம். வண்டி ஓடுகையில் செல்பேசியைத் தொடாது, அருகில் அமர்ந்தவரிடம் அப்பணியை ஒப்படைப்போம். இரவிலும் மழையிலும் சில நிமிடங்கள் மிச்சமாகும் எனக் காட்டும் குறுக்குவழியை விடுத்து, நெடுஞ்சாலையிலேயே செல்வோம். முன்னே தண்ணீர் தெரியுமாயின், செயலி எதைச் சொன்னாலும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்போம்.

தேநீர்க் கடைக்காரர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். பாலம் இடிந்ததை முதலில் அறிபவர் அவரே. ஐயம் எழும்போது அவரை ஒரு வார்த்தை கேட்பதில் நமக்குக் குறைவொன்றும் இல்லை. ஊரில் நம் வரவை எதிர்நோக்கியிருப்போர், பத்து நிமிடம் தாழ்ந்து வந்தோம் என்று ஒருநாளும் வருந்தமாட்டார்கள்.