மலையில்லா ஊரின் நிலக்காட்சி

மலையும் அருவியும் இல்லாத ஊரில் வரைய என்ன இருக்கிறது என்று, யாழ்ப்பாணத்து நல்லூரைச் சூழ்ந்த சமதரையைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அதற்கு வங்காளத்து ஓவியர் பினோத்பிகாரி முகர்ஜியைத்தான் பதிலாகக் காட்டுவேன். 1904இல் பிறந்த அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண் தெரியாது. மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனில் ஓவியர் நந்தலால் போஸிடம் படித்து, அங்கேயே ஆசிரியரானார். சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்ட நிலமும் வறண்ட செந்தரைதான். மழை அரித்த பள்ளங்களை அங்கே 'கோவாய்' என்பார்கள். அவர் அதையே விடாமல் வரைந்தார்.

அவருக்குக் கைகொடுத்தது கிழக்காசியக் கைச்சுருள் ஓவியம். அது சுவரில் மாட்டுவதல்ல. ஒரு கையால் விரித்து, மறு கையால் சுருட்டியபடி பார்ப்பது. ஓரிடத்தில் நிற்பவரின் காட்சியல்ல, நடந்து போகிறவரின் காட்சி. 1940இல் கலாபவன் மாணவர் விடுதியின் கூரை உட்புறத்தில் அவர் வரைந்ததும் அப்படித்தான். நடுவில் ஒரு குளம். சுற்றிலும் மரங்களும் மனிதரும் கால்நடைகளும். அண்ணாந்தபடி சுற்றி நடந்தால்தான் ஊர் முழுதும் பிடிபடும்.

இந்த முறை ஜப்பானியரைப் பார்த்து எடுத்ததுதானே என்று சிலர் கேட்கலாம். அவர் ஜப்பானுக்குப் போனதும், அங்கே கற்றதும் உண்மை. ஆனால் ஜப்பானியரும் சீனரிடம் கடன் வாங்கியவர்களே. புலமையோவியம் எனும் சீன அறிஞர் ஓவிய மரபை ஜப்பானில் வளர்த்த இகே நோ தாய்கா (1723–1776) சீனத்தை நேரில் கண்டவரல்லர். சீன ஓவிய முறையைச் சொன்ன அச்சு நூல்களிலிருந்தும் கற்றுக்கொண்டு, தம் நாட்டு மலைகளில் ஏறியிறங்கித் தமக்கென ஒரு கோட்டைக் கண்டார். முறையைக் கடன் வாங்கலாம். மண்ணைக் கடன் வாங்க முடியாது. முகர்ஜியின் பார்வைக் குறையைத்தான் பாணி என்கிறோமா என்பது அடுத்த ஐயம். 1950களில் அவர் முற்றாகப் பார்வை இழந்தார். அதன் பிறகும் தாளை வெட்டி ஒட்டினார்; 1972இல் கலாபவன் சுவருக்கு ஓடுகளால் ஒரு சித்திரம் அமைத்தார். குறையால் மட்டும் பிறந்த பாணியென்றால், கண்ணோடு அதுவும் போயிருக்க வேண்டும். நிலத்தின் அமைப்பு அவர் மனத்தில் இருந்தது, கையும் அதை அறிந்திருந்தது.

நிலத்தையும் உள்ளத்தையும் பிரிக்காமல் வாசித்த திணை மரபு நம்முடையது. ஆகவே இந்தப் பார்வை நமக்கு அந்நியமல்ல. வேலியோர ஒழுங்கை, செம்மண் தோட்டம், வடலிக் கூட்டம், கோயில் வீதி என்று நடந்து போகிற வரிசையிலேயே வரைந்தால், நம் சமதரையிலும் ஒரு நீண்ட சுருளுக்குப் போதுமானது கிடக்கிறது.