நரம்பறிவியல் மாணவரின் பாடத்தேர்வும் தமிழும்

மூளையையும் நரம்புகளையும் ஆராயும் துறையில் இளங்கலைப் படிப்பைத் திட்டமிடுவது பற்றி மொழியியலாளர் ஒருவர் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்கான காரணத்தைக் கூறிவிட்டே தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தமக்கையார் பக்கவாதத்தால் பேச்சுக் குழறி மருத்துவமனையில் கிடந்தார். அவரைச் சோதிக்க வந்த இளைஞர் நம்மவர்தாம். எவரோ அகராதியைக் கொண்டு தமிழாக்கியிருந்த வினாத்தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார். “சாளரத்தைச் சுட்டுக” என்றார். தமக்கையார் விழித்தார். “அக்கா, சன்னலைக் காட்டுங்க” என்று யாம் சொன்னதும் அவர் விரல் நேரே சன்னலை நோக்கி எழுந்தது. ஆனால் தாளில் அதற்குள் சுழியம் விழுந்துவிட்டது. அந்த இளைஞர்மீது எமக்கு வருத்தமில்லை. அவர் படித்த பாடங்களுள் எதுவும் அவரை அந்த நொடிக்கு ஆயத்தப்படுத்தவில்லை.

1861-ஆம் ஆண்டு பாரிசில் பால் புரோக்கா, “டான்” என்ற ஓரசையை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியின் சிதைவைப் பேச்சிழப்போடு இணைத்துக் காட்டினார். மூளையும் மொழியும் பற்றிய ஆய்வின் பெரும்பகுதி அன்றுமுதல் ஐரோப்பிய மொழிகளைப் பேசுவோரிடமே நடந்துவந்துள்ளது. ஆங்கிலத்தில் யார் தள்ளினார், யார் விழுந்தார் என்பதைச் சொற்களின் வரிசை உணர்த்தும். தமிழில் “சிறுவன் சிறுமியைத் தள்ளினான்”, “சிறுமியைச் சிறுவன் தள்ளினான்” இரண்டும் ஒரே பொருளன. ஐ உருபும் ஆன் விகுதியுமே பொருளைத் தாங்குகின்றன. செயப்பாட்டு வினையோ நம் பேச்சு வழக்கில் அரிது. “சிறுவன் சிறுமியால் தள்ளப்பட்டான்” என்பது பாட்டியொருவருக்கு விளங்காவிடின், அது நோயாகவும் இருக்கலாம். அவர் காதில் அத்தகைய தொடர் விழுந்ததே இல்லை என்பதாகவும் இருக்கலாம். ஆங்கிலச் சோதனையை அப்படியே பெயர்த்துவைத்தால் எதை அளக்கிறோம் என்பதே நமக்குத் தெரியாது போகும்.

இனிப் பாடத்தேர்வுக்கு வருவோம். தமிழார்வம் கணிதத்துக்கு ஈடாகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எஸ்.டி.பி.எம். அறிவியல் பிரிவில் பெரும்பாலோர் உயிரியலை எடுத்து இயற்பியலை விட்டுவிடுகின்றனர். நரம்பணுவின் துடிப்போ மின்துடிப்பு. நாம் சந்தையில் சோத்தோங் என்று வாங்கும் கணவாயின் நரம்பிழையில் அளந்தே ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-இல் அத்துடிப்பை வகைக்கெழுச் சமன்பாடுகளாக எழுதினர். ஆதலின் இயற்பியலை விட்டவர் முதலாண்டிலேயே அதன் அடிப்படைகளை ஈடுசெய்ய வேண்டும். வேதியியல், உயிரணுவியல், உளவியல் எல்லாம் பாடத்திட்டத்தில் தாமே வந்து சேரும். மாணவர் அஞ்சி ஒதுக்குவன புள்ளியியலும் கணினி நிரலாக்கமுமே. அவ்விரண்டையும் இறுதியாண்டுக்குத் தள்ளுவோர் ஆய்வேட்டின்போது தவிப்பர்.

நரம்பறிவியல் என்ற பெயருடைய பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. வி.எஸ். இராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, பின்னரே கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். நமக்கு அண்மையிலேயே, எடுசிட்டியில், நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் 2011 முதல் இயங்குகிறது; உயிர்மருத்துவ அறிவியலும் அங்குக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரித்தானிய முறையிலான மூன்றாண்டுப் பட்டங்களில் துறைக்கு வெளியே பாடம் எடுக்க இடம் குறைவு. அமெரிக்க முறையிலான நான்காண்டுப் படிப்பில் விருப்பப் பாடங்களுக்கு இடமுண்டு. முதல்வகைக்குச் செல்பவர் தம் தமிழை முன்கூட்டியே கட்டிக்கொண்டு செல்ல வேண்டும். மதிப்பெண் குறையுமென்று அஞ்சி எஸ்.பி.எம். தேர்வில் தமிழைக் கைவிடுவோர் இங்குதான் இழக்கின்றனர். நாற்பதாண்டு இத்துறையில் உழன்ற எம் கருத்து இது. ஆசிரியர்கள் சிலர் மறுக்கலாம்.

இரண்டாம் வகைக்குச் செல்வோர் ஒலியியல் ஒன்று, தொடரியல் ஒன்று என இரு பாடங்களையாவது எடுக்கட்டும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மொழியியலும் மருத்துவமும் இந்திய ஆய்வியலும் ஒரே வளாகத்தில் உள்ளன. முறையாகப் பதிய இயலாவிடினும் விரிவுரையாளரின் இசைவு பெற்று வகுப்பில் அமர்ந்து கேட்கலாம். யாமும் அப்படிக் கேட்டவர்களே.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்கும் ஒரு பொருளை முன்வைக்கிறோம். ஜொகூரில் அறுபது வயது கடந்த தமிழர் ஐம்பது பேரிடம் வீட்டுப் பொருள்களின் படங்களைக் காட்டி, அவர்கள் முதலில் சொல்லும் சொல்லைப் பதிவு செய்யுங்கள். எத்தனை பேர் தமிழ்ச்சொல்லும் எத்தனை பேர் மலாய்ச்சொல்லும் சொல்கின்றனர், ஒவ்வொருவருக்கும் எத்தனை நொடி ஆகிறது என்று குறியுங்கள். நலமாக உள்ளோர் எவ்வாறு பேசுகின்றனர் என்னும் அளவுகோல் இன்றி, நோயுற்றோர் பேச்சை எடைபோட இயலாது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டா. ஒலிப்பதிவுக் கைப்பேசியும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெரியவர்களிடம் பொறுமையாக அமரும் குணமும் போதும்.

ஆறாம் படிவத்துக்கும் மெட்ரிகுலேசனுக்கும் விண்ணப்பிக்கவுள்ள மாணவர்கள் தங்கள் பாடப்பட்டியலைக் கொண்டுவந்திருந்தால், தேநீர் இடைவேளையில் உடனமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.