நான்காமவர்



கவிதையைத் தனியே இருந்து எழுதுகிறவர்கள் மாதந்தோறும் ஒரு கூரையின்கீழ்க் கூடுவதால் என்ன பயன் என்னும் வினா இலக்கிய வட்டம் எதற்கும் புதிதன்று. குழுவிற் சேர்ந்தவன் தன் குரலை இழப்பான் என்பாரும் உளர். அவ்வினாவை விளையாட்டுக் களம் ஒன்றில் வைத்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். களம், மேடுபள்ளங்களின் வழியே அணியாக ஓடும் 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டம். 'காடுமேடெல்லாம் அலைந்தான்' என்று மக்கள் பேசுவதை நினைந்தால், இதனைக் காடுமேட்டோட்டம் என்றே சொல்லிவிடலாம்.

ஓடுபவனை இலக்கியம் பெரும்பாலும் தனியனாகவே கண்டிருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் ஆலன் சில்லிட்டோ 1959ஆம் ஆண்டு வெளியிட்ட புகழ்பெற்ற கதையின் தலைப்பே நெடுந்தொலைவு ஓடுபவனின் தனிமையைத்தான் சுட்டுகிறது. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட ஸ்மித் என்னும் ஏழை இளைஞன் விடியற்பனியில் வயல்களின் ஊடே தனியே ஓடிப் பழகுகிறான். பள்ளிக்குக் கோப்பையை வென்று தருவான் என்று ஆளுநர் நம்பியிருக்கிறார். பந்தயத்தில் முன்னணியில் வருகிற அவன், முடிவுக் கோட்டிற்குச் சற்று முன்னே வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். பின்னால் வந்தவன் வெல்கிறான். 1962இல் இக்கதை திரைப்படமும் ஆயிற்று. சிறந்த கதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் புகழ் ஓடுபவனைப் பற்றிய பாதி உண்மையை முழு உண்மையாக்கிவிட்டது. ஸ்மித் மறுத்தது உடன் ஓடுவோரின் தோழமையை அன்று. தன் கால்களைக்கொண்டு பெருமை தேடிய அதிகாரத்தை. ஆணையால் அமையும் கூட்டம் வேறு, ஓட்டத்தால் அமையும் அணி வேறு. இவ்வேறுபாடு விளங்காமையால்தான் குழு என்ற சொல்லைக் கேட்டதும் கவிஞர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர்.

இவ்வோட்டம் பிறந்ததே கூட்டமாகத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பள்ளி மாணவரிடையே முயல்-வேட்டைநாய் விளையாட்டு ஒன்று வழங்கியது. முயல்களாக முன்னே ஓடுகின்ற ஓரிருவர் காகிதத் துண்டுகளைத் தூவிச் செல்வர். மற்றவர் வேலியும் ஓடையும் தாண்டி அத்தடம்பற்றித் துரத்துவர். 1868இல் தேம்ஸ் ஆற்றின் பெயரால் தோன்றிய ஓட்டக் கழகம் முயலையும் வேட்டைநாய்களையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

அணிக்கணக்கு மிக எளிது. முதலில் வந்தவர்க்கு 1 புள்ளி, இருபதாவதாக வந்தவர்க்கு 20 புள்ளி. அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரின் இடங்களைக் கூட்டினால் எவ்வணிக்குக் குறைந்த தொகை வருகிறதோ அதுவே வெற்றி பெற்றது. அண்மைக் கால உலகப் போட்டிகளில் அணிக்கு ஆறுபேர் வரை ஓட, முதல் நால்வரின் இடங்களே கூட்டப்படுகின்றன. எளிய இக்கணக்கின் உட்பொருள் ஆழமானது. முதலிடத்திற்கும் இரண்டாமிடத்திற்கும் இடையே அணிக்கு உள்ள வேறுபாடு ஒரே புள்ளி. ஆனால் நான்காமவர் சோர்ந்து இருபதாம் இடத்திலிருந்து முப்பத்தைந்தாம் இடத்திற்கு நழுவினால் பதினைந்து புள்ளிகள் போய்விடும். எனவே அணிப் பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் பார்வையாளர் கண் படாத நடுக்கூட்டத்திலேதான் தீர்கிறது. ஐந்தாமவர், ஆறாமவர் நிலை இன்னும் நுட்பமானது. அவர்கள் இடம் கூட்டலில் சேராது. எனினும் எதிரணியின் ஒருவரை அவர்கள் முந்தினால் அவருடைய எண் ஒன்று கூடிவிடும். தம் பெயர் கணக்கில் ஏறாமலே கணக்கை மாற்றுகிறவர்கள் அவர்கள்.

1924ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கில் இக்கணக்கு ஒரு மனிதனின் உடல்மேல் எழுதப்பட்டது. கொடுவெயிலில் நடந்த அவ்வோட்டத்தில் புறப்பட்டவர் 38 பேர். முடித்தவர் 15 பேரே. பின்லாந்தின் பாவோ நூர்மி முதலிலும், அந்நாட்டவரான வில்லே ரித்தோலா அவர்க்கு ஒரு நிமிடத்திற்கும் மேல் பின்தங்கி இரண்டாவதாகவும் வந்தனர். ஆனால் அந்நாளைய விதிப்படி அணிக்கு மூவர் வேண்டும். மூன்றாமவர் ஹெய்க்கி லீமத்தைனென். அரங்கிற்குள் வந்த அவர், முடிவுக் கோட்டிற்குச் சிறிது தொலைவு இருக்கும்போதே, ஓட்டம் முடிந்ததென மயங்கி நின்று திரும்பிவிட்டார். கூட்டத்தின் கூக்குரலால் தெளிந்து மெல்ல நடந்து கோட்டைக் கடந்தார். அவர் இடம் பன்னிரண்டு. அவர் வராதிருந்தால் நூர்மியும் ரித்தோலாவும் பெற்ற இடங்கள் அணிக்கு ஒன்றுமில்லை. நூர்மிக்குச் சிலைகள் உண்டு. தள்ளாடி நடந்த அந்தக் கடைசிச் சில அடிகளை எத்தனை பேர் நினைவு கூர்கின்றனர்?

மேடு பற்றியும் ஒரு சொல். சமதளத்தில் கடிகாரத்தை நம்பி ஓடலாம்; மேட்டில் கடிகாரம் பயன்படாது, மூச்சே அளவுகோல். ஏறுகையில் அடிகளைக் குறுக்கவேண்டும். உச்சியை அடைந்ததும் இளைப்பாற உடல் கெஞ்சும். பலர் அங்கே தளர்வர். பயிற்சி பெற்ற அணியினர் உச்சியைத் தாண்டியும் சில அடிகள் அதே உழைப்பைத் தொடர்வர். இடங்கள் கைமாறுவது அங்கே. தனியே ஓடுகிறவர்க்கு அந்தச் சில அடிகள் மிகக் கடினம். பக்கத்தில் தன் அணியினரின் மூச்சு கேட்டால் அவ்வளவு கடினமில்லை.

இதனைப் பாட்டில் வைத்தவர் இங்கிலாந்தின் மார்ல்பரோ பள்ளியில் பயின்ற சார்லஸ் ஹாமில்டன் சார்லி. மழையில் அவ்வூர் மேட்டுநிலங்களில் ஓடுவதை விரும்பிய அவ்விளைஞர் முதல் உலகப்போரில், 1915 அக்டோபரில், தம் இருபதாம் வயதில் லூஸ் போர்க்களத்தில் மாண்டார். ஓடுவோரைப் பற்றிய அவர் பாடல் முழுதும் தன்மைப் பன்மையில் அமைந்தது. பரிசுக்காக அன்று, ஓடப் பிடித்திருப்பதால் ஓடுவோரின் பாடல் அது. அதனைத் தமிழாக்குவோர் முதற் சொல்லிலேயே திகைத்து நிற்க நேரும். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழிலோ முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' வேறு, விலக்கும் 'நாங்கள்' வேறு. 'நாங்கள் ஓடுகிறோம்' என்றால் படிப்பவர் வழியோரத்தில் குடைபிடித்து நிற்கிறார். 'நாம் ஓடுகிறோம்' என்றால் அவரும் நனைகிறார். பாடலில் எதிரணி என்பதே இல்லை ஆதலின் 'நாம்' என்பதே பொருந்தும். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண வகுப்பில் உலர்ந்து கிடக்கும் தொடருக்கு இத்துணை ஈரம் உண்டென்பது மொழிபெயர்க்கும்போதுதான் தெரிகிறது.

இனி உகாண்டாவுக்கு வருவோம். தலைநகர் கம்பாலாவில் கொலோலோ என்றொரு குன்று உண்டு. ஆங்கிலேயர் அச்சோலி இனத் தலைவர் அவிச் என்பவரை அங்கே சிறைவைத்தபோது, 'இங்கே தனியனாய் இருக்கிறேன்' என்று அவர் தம் மொழியில் புலம்பிய சொல்லே அதன் பெயராயிற்று என்பது செவிவழிக் கதை. 1962இல் அந்நாட்டு விடுதலை விழா நடந்த இடமும் அக்குன்றே. தனிமையின் பெயர் தாங்கிய அவ்விடத்தில் 2017 மார்ச் 26 அன்று உலக காடுமேட்டோட்டப் போட்டி நடந்தது.

அன்று மகளிர் ஓட்டத்தில் கென்ய வீராங்கனையர் முதல் ஆறு இடங்களையும் கைப்பற்றினர். ஐரீன் செப்தாய் முதலில் வந்தார். ஒன்றும் இரண்டும் மூன்றும் நான்கும் கூடப் பத்து. அதனினும் குறைந்த தொகை கணிதத்தில் இல்லை. மகளிர்க்கும் ஆடவர்க்கும் ஒரே 10 கி.மீ. தொலைவு என்று உலகப் போட்டியில் முதன்முறை வகுக்கப்பட்டதும் அவ்வாண்டே. அதுவரை மகளிர்க்குக் குறைத்து அளந்தவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடையாது.

பின்னர் ஆடவர் ஓட்டம். எல்கான் மலைச்சரிவிலுள்ள கப்சோர்வா பகுதியைச் சேர்ந்த இருபது வயது ஜோஷுவா செப்டெகெய் சொந்த நாட்டு மக்களின் ஆரவாரத்தில் வெகுவாக முன்னேறி ஓடினார். வெற்றி உறுதி என்று தோன்றிய இறுதிச் சுற்றில் கால்கள் அவரைக் கைவிட்டன. கென்யாவின் ஜெஃப்ரி கம்வொரோர் கடந்து சென்றார். பின்னர் ஒவ்வொருவராக மற்றவரும் கடந்தனர். செப்டெகெய் நிற்கவில்லை. கால்கள் பின்னத் தடுமாறி முப்பதாவதாகக் கோட்டைக் கடந்தார். தனியொருவரின் கதையாகப் பார்த்தால் அது முழுத் தோல்வி. சில்லிட்டோவின் இளைஞன் தானே தேர்ந்து நின்றான், இவர்க்கு அத்தேர்வும் இல்லை. ஆயினும் அன்று மாலை அணிகளின் பட்டியலில் எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் அடுத்து உகாண்டா வெண்கலம் பெற்றிருந்தது. அவர் வீழ்ந்த வேளையில் பின்னே, எவர் கவனத்திலும் இன்றி, அவருடைய அணியினர் ஓடிக்கொண்டிருந்தனர்.

அடுத்த உலகப் போட்டி 2019 மார்ச் 30 அன்று டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில். அதன் களம் வியப்பானது. மோஸ்கார்ட் அருங்காட்சியகத்தின் கூரை, தரையிலிருந்து சாய்வாக எழும் புல்மேடாக அமைந்தது. சேறு, மணல், நீர்க்குழி ஆகியவற்றோடு அக்கூரையையும் சுற்றுதோறும் ஏறி இறங்கவேண்டும். அவையிலுள்ள கவிஞர்கள் ஒன்றைக் கருதலாம்: அக்கூரையின்கீழேதான் 1952இல் சதுப்பில் கண்டெடுக்கப்பட்ட, ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட கிரவ்பல்லே மனிதன் கிடக்கிறான். ஷேமஸ் ஹீனியின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவனைப் பற்றிய கவிதை உண்டு. கவிதை பெற்றவன் கீழே கிடக்க, கவிதை பெறாதவர்கள் மேலே சேற்றுக் காலுடன் ஏறினர்.

செப்டெகெய் இம்முறை தொடக்கத்திலேயே தனித்துப் பறக்கவில்லை. அவர் முதலாவதாக வந்தார். நான்கு விநாடி பின்னே, அதே எல்கான் மலைப்பகுதியின் புக்வோவைச் சேர்ந்த பதினெட்டு வயது ஜேக்கப் கிப்லிமோ. கம்பாலாவில் வென்ற கம்வொரோர் மூன்றாவது. செய்தித்தாள்களுக்குப் படம் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்றாமவரும் நான்காமவரும் வரும்வரை அணிக்குக் கணக்கில்லை. கூரைச்சரிவின் கடைசி இறக்கத்தைக் கடந்து தாமஸ் அயெகோ ஏழாவதாக வந்தார். அதன்பின் வேறு நாட்டவர் இருவர். பிறகு ஜோயல் அயெகோ, பத்தாவது. ஒன்று, இரண்டு, ஏழு, பத்து: உகாண்டா 20, கென்யா 43, எத்தியோப்பியா 46. அந்நாட்டு ஆடவர் அணிக்கு அதுவே முதல் உலகப் பட்டம்.