குறுக்கம்: இதயம் பேசும் மொழியும் நாம் பேசும் மொழியும்

சொல் பிழைபட்டால் தேர்வில் மதிப்பெண் குறையும். மருத்துவமனையிலோ ஓர் எச்சரிக்கையே மறைந்துபோகும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டை இன்று காண்போம்.

சிறுநீரகம் செயலிழந்தோர் பெரும்பாலும் வாரத்திற்கு 3 முறை, முறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்கின்றனர். அவர்களுடைய உயிருக்குப் பேரிடராக நிற்பது இதயநோய். மிகை இரத்த அழுத்தத்தாலும் உடலில் தேங்கும் நீராலும் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. மூச்சிரைப்புத் தோன்றினாலும், நீர் மிகுந்ததால் வந்தது என்றே எண்ணிவிட நேரும். எனவே கேளா ஒலியைச் செலுத்தி, அதன் எதிரொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் ‘எக்கோ’ சோதனை தேவையாகிறது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லரும் ஹெர்ட்சும் தொடங்கிவைத்த முறை இது.

இச்சோதனையில் நெடுங்காலம் முதன்மை பெற்ற அளவு, வெளியேற்றப் பின்னம். கீழறையில் நிறைந்த குருதியில் எத்தனை விழுக்காடு ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே அது. 55க்கு மேலிருப்பின் பொதுவாக ‘இயல்பு’ என்பர். ஆயினும் அவ்வளவு இயல்பாக இருக்கும்போதே தசை நலிந்துகொண்டிருக்கக்கூடும். சுவரின் உட்புறத் தசைநார்கள் நீளவாக்கில் அமைந்தவை. பெரும்பாலும் முதலில் நலிபவை அவையே. நடு அடுக்கின் நார்கள் சுற்றுவாக்கில் இறுகி அக்குறையை ஈடுசெய்கின்றன. படத்தின் நுண்புள்ளிகளைக் கணினி பின்தொடர்ந்து, நீளவாக்கு இயக்கத்தைத் தனியே அளந்தால், நலிவு முன்னரே புலப்படும்.

இவ்வளவை ஆங்கிலத்தில் ‘ஸ்டிரெய்ன்’ என்பர். இயற்பியல் பாடநூல்களில் அது ‘திரிபு’. இலக்கணம் கற்ற நமக்குத் திரிதல் என்பது புணர்ச்சியில் ஓரெழுத்து மற்றோரெழுத்தாதல். பால் திரிந்தது என்பார்க்கோ அது கெட்டுப்போதல். ‘உங்கள் இதயத்தில் திரிபு குறைந்துள்ளது’ என்று கூறினால் முதியவர் மகிழ்ந்து வீடு திரும்புவார். உண்மையில், குறைந்ததே கேடு.

நாம் முன்மொழியும் சொல் ‘குறுக்கம்’. ஐகாரக் குறுக்கத்தில் ஒலியளவு குறுகுவதை மாணவர் அறிவர். நலமுள்ள இடது கீழறைத் தசை ஒவ்வொரு துடிப்பிலும் நீளத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறுகுகிறது. குறுகுவதால் அறிக்கையில் அது -20 என எழுதப்படும். கணக்கில் -12 பெரிது. இதயத்திற்கோ அது நலிவின் அறிகுறி. எண்ணைச் சொல்லாமல், ‘தசை குறுகவேண்டிய அளவு குறுகவில்லை’ என்றால் எவர்க்கும் விளங்கும்.

‘உலர் எடை’ என்பதும் அத்தகையதே. சுத்திகரிப்பைத் தொடங்கியோர் அந்த எடையை எட்டியதும் எக்கோ எடுத்து, பின்னர் 3 ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டுமென 2005இல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டி பரிந்துரைத்தது. தேங்கிய நீர் அளவீட்டை மாற்றிவிடும் என்பதே காரணம். எடை எங்ஙனம் உலரும் என்று பாட்டி வினவினால், ‘மிகைநீர் நீங்கிய எடை’ என்க.

மருத்துவமனையில் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்போர் பலவேளை பேரப்பிள்ளைகளே. ஆசிரியப் பெருமக்களே, கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது, அதனை முதியவரிடம் எடுத்துரைக்கும் ஒரு வாக்கியத்தையும் உடன் எழுதச் செய்யுங்கள். மாணவர்களே, ‘இயல்பு’ என்ற சொல்லோடு எழுந்துவிடாமல், ‘குறுக்கம் எவ்வளவு?’ என்று மருத்துவரிடம் வினவுங்கள்.