அடைமழை நாளும் வீட்டுக் குழந்தைகளும்



குளிர்நாடுகளில் பனி மிகுதியாகப் பெய்யும் நாட்களில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது வழக்கம். தெருவும் கூரையும் வெண்பனியால் மூடிக் கிடக்க, பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டினுள் அமர்ந்து கதை பேசிக் களிப்பர். கனடா நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தாருக்கும் இது இன்று பழகிப்போன இன்பம். நான் வாழும் திற்பரப்பிலோ வெண்பனி விழுவதில்லை. ஆயினும் ஊரே வீட்டுக்குள் ஒடுங்கும் நாள் எங்களுக்கும் உண்டு. அதுதான் அடைமழை நாள்.

குமரி மாவட்டம் இரு பருவமழைகளையும் பெறும் பேறுடையது. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையை எங்கள் பக்கத்து முதியோர் 'இடவப்பாதி' என்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். மழை வலுத்துவிட்டால் ஏறத்தாழ ஐம்பதடி உயரத்திலிருந்து விழும் எங்கள் அருவியில் கோதையாறு செந்நிறங்கொண்டு முழங்கும். அருவியில் நீராடத் தடை விதிப்பர். மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பார். அந்தச் செய்தி வந்ததும், "பாட்டா, இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை!" என்று என் பேரக் குழந்தைகள் மூவரும் என்னைச் சூழ்ந்துகொள்வர்.

இத்தகைய நாளில் மின்சாரம் நிலைப்பதில்லை. தொலைக்காட்சி ஊமையாகிவிடும், கைப்பேசியும் சிறிது நேரத்தில் உறங்கிவிடும். பிறகு குழந்தைகளுக்குத் துணை யார்? மழைதான் துணை. அதனை உற்று நோக்கக் கற்றுக்கொடுத்தால் நாள் போவதே தெரியாது.

நாங்கள் முதலில் மழையை அளப்போம். பக்கங்கள் செங்குத்தாக உள்ள தகரக் குவளை ஒன்றை முற்றத்தின் நடுவே வைப்போம். மழை விட்டதும் அளவுகோலை உள்ளே நிறுத்தி, நீரின் உயரத்தைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். குவளையில் 40 மில்லிமீட்டர் நின்றது என்று வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மீது 4,000 லிட்டர் பெய்திருக்கிறது என்பது பொருள். குடத்துக்கு 16 லிட்டர் என்று கொண்டால் 250 குடம்! ஐந்தாம் வகுப்பில் பயிலும் பேரன் இக்கணக்கைப் போட்டு முடித்தவுடன், இத்தனை நீரும் எங்கே போயிற்று என்று தானே வினவுவான். அவ்வினா அவன் உள்ளத்தில் எழுந்தால் போதும். மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்று நாம் தனியே உபதேசம் செய்யவேண்டுவதில்லை.

இடி இடித்தால் சிறியவள் என் மடியில் வந்து ஒடுங்குவாள். அச்சத்திற்கும் ஒரு மருந்து உண்டு, அதுவும் கணக்குதான். மின்னலைக் கண்டவுடன் ஒன்று, இரண்டு என்று வினாடிகளை எண்ணவேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் தொலைவு வர ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். ஒன்பது எண்ணிய பின் இடியோசை கேட்டால் மின்னல் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால். எண்ணத் தொடங்கியதும் அழுகை நின்றுவிடும். எனினும் இடி கேட்கும் தொலைவில் இருக்கும்வரை முற்றத்திலும் மரத்தடியிலும் நிற்கலாகாது என்பதையும் அப்போதே சொல்லிவைப்பேன்.

"நம் ஊரில் பனிக்கட்டி மழை பெய்யாதா?" என்று படம் பார்த்த பிள்ளைகள் ஏங்குவதுண்டு. அவர்களுக்கு நான் கூறும் செய்தி வியப்பானது. நம் தலைக்குமேல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்திலேயே நீர் உறையும் குளிர் தொடங்கிவிடுகிறது. இடிமேகங்கள் அதற்கும் மேலே ஓங்கி நிற்கின்றன. அங்கே பனிப்படிகங்களாகப் பிறந்தவற்றுள் பல, கீழே இறங்கும்போது உருகி, நம் முற்றத்தில் மழைத்துளியாக விழுகின்றன. கையில் ஏந்திய துளி சற்று முன்னர் வெண்பனியாக இருந்திருக்கலாம் என்று கேட்டதும் குழந்தைகளின் கண்கள் விரிவதைக் காணவேண்டும்!

மழை சற்றுத் தணிந்ததும் காகிதக் கப்பல்கள் புறப்படும். முற்றத்து ஓடையைத் தாண்டி அவை போவதில்லை. ஆனால் கற்பனை நெடுந்தூரம் போகும். ஓடை கோதையாற்றில் சேரும். கோதையாறு திருவட்டாற்றுக்கு அருகே பறளியாற்றோடு கூடும். குழித்துறை வழியாகச் சென்று, தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலில் கலக்கும். புவியியல் பாடத்தை இதைவிட இனிதாகக் கற்பிக்க இயலுமோ? பசி வந்தால் அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருக்கும். காந்தாரி மிளகாய்த் துவையலும், கருப்பட்டி இட்ட சுக்குக் காப்பியும் அதற்குத் துணையாகும். சுட்ட சக்கைக்கொட்டைக்கு மூவரும் போட்டியிடுவர்.

ஒருநாள் இவ்வாறு உண்டு களித்திருக்கையில், மூத்த பேத்தி பக்கத்து வீட்டைச் சுட்டிக் காட்டி, "அந்த மாமாவும் வீட்டில்தானே இருக்கிறார்? அவருக்கும் விடுமுறையா?" என்று கேட்டாள். அவர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் எழுந்து மரப்பட்டையைக் கீறி, சிரட்டையில் பால் வடியச் செய்வது அவர் தொழில். பட்டை நனைந்துவிட்டால் பால் சிரட்டையில் சேராது வழிந்தோடிவிடும். சேர்ந்ததையும் மழைநீர் கெடுத்துவிடும். மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் மறைப்புக் கட்டிச் சாரலைத் தடுப்பதுண்டு. அடைமழையை அது முற்றும் தடுக்கமாட்டாது. வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை. "நமக்கு விடுமுறை, அவருக்கு வேலையில்லா நாள்" என்றேன். பேத்தி சற்று நேரம் பேசவில்லை. பின்னர் எழுந்து, ஆச்சியிடம் ஒரு தட்டுக் கிழங்கை வாங்கி, குடைபிடித்து, அவ்வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துவரச் சென்றாள். அன்று கப்பல்களின் தொகை இரட்டித்தது, ஆரவாரமும் இரட்டித்தது.

தமிழிலக்கணத்தார் முல்லைத் திணைக்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும், 'இருத்தல்' என்பதை உரிப்பொருளாகவும் வகுத்தனர். வெளியே சென்றவர் திரும்பும்வரை ஆற்றியிருத்தலே அது. மழைக்கும் காத்திருத்தலுக்கும் உள்ள உறவை எங்கள் மாவட்டம் நன்கறியும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வீசியபோது ரப்பர் மரங்களும் வாழைகளும் எண்ணிறந்து சாய்ந்தன. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவேயில்லை. அவர்தம் வீடுகளிலும் குழந்தைகள் இருந்தனர். அவர்களும் வாயிற்படியில் நின்று அதே மழையைப் பார்த்திருந்தனர். இன்றும் நாம் வீட்டினுள் இருக்கும் அடைமழையில், மின்கம்பத்தில் ஏறி விளக்கை மீட்டுத் தருவோரும், அணையின் நீர்மட்டத்தை இரவெல்லாம் காப்போரும் வெளியே நிற்கின்றனர்.

ஆதலின் மழை நாளில் மகிழலாகாது என்று யான் கூறவில்லை. மாணவர்களே, நன்றாக மகிழுங்கள். உங்கள் வீட்டில் இளையோர் இருப்பின் அவர்களோடு அமர்ந்து துளிகளை அளந்திடுங்கள், இடியை எண்ணுங்கள், கப்பல் விடுங்கள். மழை நாளில் அவர்களுக்கு வேண்டுவது விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளன்று. உடன் அமரும் ஒருவர். கூடவே, இம்மழை யார் வீட்டில் உலையை அணைத்திருக்கிறது என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். குடை ஒன்றின்கீழ் இருவர் செல்ல இடமுண்டு.